தணக்கும் கட்டுமரமும்: நடுநாட்டு மலைக்கும் சோழமண்டலக் கரைக்கும் இடையில் ஒரு மென்மரத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தமிழகக் காடுகளின் வரலாறு பெரும்பாலும் தேக்கு, சந்தனம், ஈட்டி முதலிய விலைமிகு மரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எடை குறைந்த, விரைவில் மட்கும் மென்மரங்கள் அவ்வரலாற்றில் ஓரிரு வரிகளுக்குமேல் இடம்பெறவில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட காடுகளில் வளரும் தணக்கு மரத்தை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அதன் பண்புகள், அது கட்டுமரத்திற்கு ஏற்ற மரமாக மதிக்கப்பட்ட காரணம், அதைப் பற்றிய அச்சுச் சான்றுகளின் நம்பகம், அதன் இடத்தைப் பிற மரங்களும் கண்ணாடியிழையும் பிடித்த முறை ஆகியவற்றை ஆராய்கிறது. திருநாவலூர் வழியே ஓடும் கெடிலமும் கல்வராயன் மலையும் இந்த ஆய்வுக்குக் களமாகின்றன.

திறவுச்சொற்கள்: தணக்கு, கட்டுமரம், மென்மரம், கல்வராயன் மலை, கெடிலம், ராக்ஸ்பர்க், பால்சா

முன்னுரை

கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் கெடிலக் கரையில் அமைந்துள்ள திருநாவலூர், மரத்தின் பெயரால் அமைந்த ஊர். சுந்தரர் பிறந்த தலம் என்பதால் சைவ வரலாற்றிலும், முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் படையுடன் தங்கிய திருமுனைப்பாடி நாட்டைச் சேர்ந்தது என்பதால் சோழர் வரலாற்றிலும் இவ்வூர் பேசப்படுகிறது. இராசாதித்தன் 949-இல் தக்கோலப் போரில் வீழ்ந்தான். இங்குள்ள சிவன் கோயிலைக் கல்வெட்டுகள் அவன் பெயரால் இராசாதித்தேசுவரம் எனவும் குறிக்கின்றன. தலமரம் நாவல். நீரில் நெடுநாள் கிடந்தாலும் எளிதில் மட்காத கட்டை அது. கிணற்றின் அடியில் நாவல் பலகை இடும் வழக்கம் தமிழ்நாட்டு ஊர்களில் இன்றும் நினைவில் உள்ளது.

நாவலுக்குக் கோயிலும் ஊர்ப்பெயரும் புராணமும் உண்டு. இதே நிலப்பரப்பின் மேற்கே எழும் மலைகளில் வளரும் தணக்குக்கு அத்தகைய பேறு எதுவும் இல்லை. அதன் கட்டை வீட்டு உத்திரத்திற்கு ஆகாது, கலப்பைக்கு ஆகாது, விறகாகவும் நின்று எரியாது. எனினும் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையின் மீனவர்கள் பிற மரங்கள் எல்லாவற்றினும் மேலாக விரும்பியது இந்த மரத்தையே என்று அச்சுச் சான்று கூறுகிறது. மரவேலையில் குறையாகக் கருதப்பட்ட எடையின்மை கடலில் எவ்வாறு தகுதியானது என்பதே இக்கட்டுரையின் வினா.

பெயரும் மரமும்

தணக்கின் தாவரவியல் பெயர் கைரோகார்பஸ் அமெரிக்கானஸ். யாக்குவின் என்னும் ஆஸ்திரியத் தாவரவியலார் 1763-இல் அமெரிக்க வெப்பமண்டலத்தில் கண்ட மரத்தைக் கொண்டு இப்பெயரை இட்டார். பெயரில் அமெரிக்கா இருப்பதால் இதனை அயல்வரவு எனக் கருதிவிடக் கூடாது. இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள், ஆப்பிரிக்கா என வெப்பமண்டலம் முழுவதும் இயல்பாகப் பரவிய மரம் இது. பெயரின் முதற்பகுதி சுழலும் கனி எனப் பொருள்படும். கனியின் தலையில் இரண்டு நீண்ட இறகுகள் உண்டு. முற்றி உதிரும்போது அது பம்பரம்போலச் சுழன்றுகொண்டே இறங்கும். காற்றில் அவ்வாறு இறங்கும் கனி நீரிலும் மிதக்கக்கூடியது என்பது அதன் உலகப் பரவலுக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

பாறைப்பாங்கான சரிவுகளிலும் வறண்ட இலையுதிர் காடுகளிலும் இம்மரம் வளரும். பட்டை வழவழப்பாகவும் வெளிர்சாம்பல் நிறமாகவும் இருக்கும். கிளைநுனியில் கொத்தாக அமையும் இலைகளில் பல மூன்று மடல்களாகப் பிளவுபட்டிருக்கும். கோடையில் இலை முழுவதும் உதிர்ந்து, வெளிறிய அடிமரம் மட்டும் மலைச்சரிவில் தொலைவிலிருந்தே தெரியும். கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை முதலிய குன்றுகளை உள்ளடக்கிய கிழக்குத் தொடர்ச்சியின் தமிழ்நாட்டுப் பகுதி இத்தகைய காடுகளுக்கு உரிய நிலம். இப்பகுதியின் தாவரங்களை முறையாகத் தொகுத்த பணி திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியின் இராபினாட் தாவரகத்தில் கே. எம். மேத்யூ தலைமையில் நிகழ்ந்தது.

தமிழில் தணக்கு என்றும் தெலுங்கில் தணுகு, தணக்கு என்றும் வழங்குவதால் இப்பெயர் இரு மொழி மலைவாணரிடையே பழமையானது எனக் கொள்ளலாம். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் பூக்களின் வரிசையில் தணக்கம் இடம்பெறுகிறது. அதனை இம்மரத்தின் பூவாகக் கொள்வது இயல்பான முடிபே ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை: தணக்கு என்னும் சொல் நுணாவையும் குறிக்கும். நுணாவின் பூ வெண்மையும் மணமும் உடையது. கைரோகார்பஸின் பூவோ மிகச் சிறியது, கண்ணைக் கவராதது. தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கும் பூவாக எது பொருந்தும் என்பது திறந்த வினா. பெயரொப்புமையை மட்டும் கொண்டு சங்க காலத்திற்கு மரத்தை ஏற்றிவிடும் பழக்கம் தமிழ்த் தாவர ஆய்வுகளில் மிகுதி. அதனை இங்குத் தவிர்ப்பது நன்று. ஆயினும் ஒன்று குறிப்பிடத்தக்கது. கபிலருக்கு இந்நிலத்தோடு உறவு உண்டு. மலையமான் திருமுடிக்காரியை அவர் பாடினார். அவர் தீப்புகுந்ததைத் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு கூறுகிறது. திருக்கோவலூரும் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்ததே.

எடையின்மை என்னும் பண்பு

எல்லா மரங்களின் செல்சுவர்ப் பொருளும் ஏறத்தாழ ஒரே அடர்த்தி உடையது. அது நீரைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1500 கிலோ. ஒரு மரம் மிதப்பதற்கும் மற்றொன்று மூழ்குவதற்கும் காரணம் அந்தப் பொருள் அன்று. அதனிடையே உள்ள வெற்றிடமே. மெல்லிய சுவரும் அகன்ற உள்ளறையும் கொண்ட நார்களால் ஆன மரம் இலேசானது. தடித்த சுவரும் குறுகிய அறையும் உடையது கனமானது. கன மீட்டருக்கு 300 கிலோ எடையுள்ள மென்மரம் ஒன்றில் ஐந்தில் ஒரு பங்கே மரப்பொருள். எஞ்சிய நான்கு பங்கு காற்று. தேக்கின் எடை சுமார் 650 கிலோ. அமெரிக்கப் பால்சாவின் எடை பெரும்பாலும் 100 முதல் 200 கிலோவுக்குள் அடங்கும்.

இதன் விளைவைக் கட்டுமரத்தின் அளவில் கணக்கிட்டுப் பார்க்கலாம். 6 மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. கனம் உள்ள மரத்துண்டு ஒன்றின் கொள்ளளவு 0.36 கன மீட்டர். முழுவதும் அமிழ்ந்தால் அது 360 கிலோ நீரை விலக்கும். 300 கிலோ அடர்த்தியுள்ள மென்மரமாயின் துண்டின் எடை 108 கிலோ. எஞ்சும் தாங்குதிறன் 252 கிலோ. தேக்காயின் எடை 234 கிலோ. தாங்குதிறன் 126 கிலோ மட்டுமே. மூன்று துண்டுகளைப் பிணைத்தால் மென்மரம் ஏறத்தாழ 750 கிலோ சுமக்கும். தேக்கு அதில் பாதியைச் சுமக்கும். சுமை ஒருபுறம் இருக்க, கரைக்கு இழுப்பதையும் எண்ண வேண்டும். மென்மரத் துண்டை இருவர் மூவர் தோளில் ஏற்றிவிடுவர். தேக்குத் துண்டுக்கு அதுபோல் இரு மடங்கு ஆள் வேண்டும்.

சோழமண்டலக் கரையின் இயல்பு இதனை இன்னும் முக்கியமாக்கியது. இயற்கைத் துறைமுகம் அரிதான, அலை ஓயாது மணலில் மோதி உடையும் திறந்த கரை அது. ஆணியடித்த பலகைப் படகு இந்த அலையில் தரைதட்டினால் மூட்டு விட்டு உடையும். கட்டுமரத்திற்கு உடைவதற்கு உடல் இல்லை. நீர் நிறைவதற்கு உட்பள்ளமும் இல்லை. அலை மேலே ஏறினால் துண்டுகளின் இடைவெளி வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது. கரை சேர்ந்தவுடன் கயிற்றை அவிழ்த்துத் துண்டுதுண்டாகத் தூக்கிச் சென்று மணலில் உலர்த்துவர்.

உலர்த்துதல் என்னும் இச்செயலே கட்டுமரத்தின் அமைப்பைப் புரியவைக்கும் திறவுகோல். மிதப்பைத் தரும் வெற்றிடமே நீரையும் உறிஞ்சும். மேற்கண்ட துண்டு நீர் ஏறி 500 கிலோ அடர்த்தியை அடைந்தால் அதன் எடை 180 கிலோவாகவும் தாங்குதிறன் 180 கிலோவாகவும் மாறிவிடும். நாள்தோறும் அவிழ்த்து வெயிலில் இடுவது இழந்த காற்றை மரத்திற்கு மீட்டுத் தருவதாகும். கட்டையைத் துளைக்கும் கப்பல் புழுவும் தொடர்ந்து நீரில் கிடக்கும் மரத்திலேயே செழிக்கும். ஆணியும் நிலையான மூட்டும் இல்லாமல் கயிற்றால் மட்டும் கட்டியதைத் தொழில்நுட்பக் குறைவு என ஐரோப்பியப் பயணிகள் சிலர் எண்ணினர். மென்மரத்தின் குணமறிந்து அமைத்த அமைப்பு அது. அவிழ்க்க முடியாதபடி இணைத்திருந்தால் அந்த மரம் சில மாதங்களிலேயே பாரமாகியிருக்கும்.

ராக்ஸ்பர்க்கின் குறிப்பு

கட்டுமரத்தைப் பற்றிய ஐரோப்பியக் குறிப்புகள் பழமையானவை. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்கக் கடலோரம் வணிகம் செய்த தாமஸ் பௌரி மிதக்கும் பெருமரத் துண்டுகளைப் பிணைத்த கட்டுமரங்களை விவரித்தார். 1690-இல் சென்னைக் கோட்டையில் இருந்த வில்லியம் டாம்பியர் தம் உலகப் பயண நூலில் (1697) சோழமண்டலக் கரையார் அவற்றைக் கட்டுமரம் என்றே அழைப்பதையும், அவை இலேசான மரத்தால் ஆனவை என்பதையும், ஏறியவனின் கால் எப்போதும் நீரிலேயே இருக்கும் என்பதையும் எழுதினார். இலேசான மரம் என்பதற்குமேல் மரம் எது என இவர்கள் கேட்கவில்லை.

அதைக் கேட்டவர் தாவரவியலார் வில்லியம் ராக்ஸ்பர்க். 1780களில் கோதாவரி மாவட்டச் சாமல்கோட்டையில் பணியாற்றிய அவர், தாம் கண்ட செடிகளை இந்திய ஓவியர்களைக் கொண்டு வரைவித்து இலண்டனுக்கு அனுப்பினார். சர் ஜோசப் பேங்க்ஸின் மேற்பார்வையில் அவை 'சோழமண்டலக் கரைத் தாவரங்கள்' என்னும் பெருநூலாக 1795 முதல் 1820 வரை 300 ஓவியங்களுடன் வெளிவந்தன. அந்நூலின் முதல் ஓவியமே தணக்கு. மலைப்பாங்கான இடங்களில் வளர்வது, வெண்மையான கட்டை, மிக இலேசானது என்று விவரித்து, கட்டுமரம் செய்வதற்கு இம்மரம் கிடைக்கும்போதெல்லாம் பிற அனைத்தினும் இதுவே விரும்பப்படுகிறது என்னும் செய்தியைத் தந்தார்.

இச்செய்தி இரண்டு காரணங்களால் கூர்ந்து நோக்கத்தக்கது. முதலாவது, 'கிடைக்கும்போதெல்லாம்' என்னும் வரையறை. வேண்டிய அளவு கிடைக்கும் பொருளைப் பற்றி எவரும் அவ்வாறு எழுதுவதில்லை. அலை வீசும் கரையில் வாழ்ந்தவன் விரும்பிய மரம் மலையில் இருந்தது. அது அவனை எட்டுவது எளிதன்று. 1795-இலேயே விருப்பத்திற்கும் வழங்கலுக்கும் இடையே இடைவெளி இருந்தது என்பதற்கு இந்த ஒரு சொல்லே சான்று. கல்யாண முருங்கை, இலவு முதலிய சமவெளி மென்மரங்களும் இலேசானவையே. கரையார் கைக்கு எட்டியதைக் கொண்டும் கட்டுமரம் செய்திருக்க வேண்டும்.

இரண்டாவது, இச்செய்தியின் மறுவாழ்வு. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியத் தாவரங்களின் பயன்களைத் தொகுத்த கையேடுகள் ராக்ஸ்பர்க்கின் கூற்றை ஒன்றன்பின் ஒன்றாக வழிமொழிந்தன. ஹீபர் டிரூரியின் பயன்தாவர நூல் (1858), காம்பிளின் இந்திய மரங்கள் பற்றிய கையேடு (முதற்பதிப்பு 1881), ஜார்ஜ் வாட்டின் பொருளியல் அகராதி ஆகியவற்றின் தணக்குக் குறிப்புகளில் கட்டுமரமே முதன்மைப் பயனாக நிற்கிறது. பொம்மை, பெட்டி போன்ற சிறு பயன்கள் உடன் வருகின்றன. இவற்றை வரிசையாகப் படிக்கும் ஆய்வாளர், ஒரு நூற்றாண்டு முழுவதும் தணக்கே கட்டுமரத்தின் மரமாக இருந்தது என முடிவு கட்டக்கூடும். அது பிழையாகும். வழிமொழியப்பட்ட சான்று ஒரே சான்றுதான். 1795-இன் கூற்று 1795-க்கே சான்று. 1881-இல் தேவனாம்பட்டினத்துக் கரையில் கிடந்த மரம் எது என்பதற்கு அது சான்றாகாது. தமிழகப் பொருள்சார் வரலாற்றில் இத்தகைய எதிரொலிச் சான்றுகள் பல உள்ளன. எண்ணிக்கையை வலுவாகக் கொள்வது அவற்றால் நேரும் பொறி.

மலையும் கரையும்

சோழமண்டலக் கரை முழுவதற்கும் உரிய இச்செய்தியை நடுநாட்டில் பொருத்திப் பார்க்கையில் நில அமைப்பு தெளிவான உதவி செய்கிறது. கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி, மணிமுக்தா ஆறுகளாக இறங்கி வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. அதன் வடக்கே கெடிலம் திருநாவலூர், திருவதிகை, திருப்பாதிரிப்புலியூர் வழியே ஓடிக் கடலூரில் கடலில் கலக்கிறது. அதன் கழிமுகத்தருகே தேவனாம்பட்டினத்தில் 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து வாங்கிய கோட்டையே செயின்ட் டேவிட் கோட்டை. கரையிலிருந்து விலகி நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் கோட்டைக்கும் இடையே கடிதம் கொண்டுசென்றவர்கள் கட்டுமரக்காரர்கள். சென்னையிலும் அவ்வாறே. நீர்புகாத குல்லாயில் கடிதத்தைச் செருகிக்கொண்டு, மசூலாப் படகும் இறங்க அஞ்சும் அலையில் அவர்கள் இறங்கினர். கம்பெனியின் அஞ்சல் ஒரு மென்மரத்தின் மிதப்பை நம்பியிருந்தது.

இந்த ஆறுகள் மழைக்காலத்தில் மட்டும் வெள்ளம் காண்பவை. ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகக் கிடக்கும் இவற்றை மரம் மிதக்கவிடும் நீர்வழியாக எண்ணுவதைவிட, ஓரம் பற்றிச் செல்லும் வண்டிப்பாதையின் வழிகாட்டியாகக் கொள்வதே பொருத்தம். அப்போது மென்மரத்தின் ஒரு முரண் வெளிப்படும். எடையில் இலேசானதெனினும் இடத்தை அடைக்கும், விலையோ குறைவு. சந்தனக் கட்டையை எத்தனை நாள் பயணமாயினும் வண்டியில் ஏற்றலாம். விலை கூலியைத் தாங்கும். தணக்கின் விலை அதனைத் தாங்காது. வெட்டிய மென்மரம் நெடுநாள் காட்டில் கிடந்தால் பூசணம் பிடித்து நீலம்பாயும் என்பதால் காத்திருக்கவும் இயலாது. எனவே கடலிலிருந்து அணுகத்தக்க தொலைவில் உள்ள குன்றுகளே கட்டுமர மரத்திற்கு உரியவை. ராக்ஸ்பர்க் பணியாற்றிய கோதாவரிப் பகுதியில் கிழக்குத் தொடர்ச்சி கடலை நெருங்குகிறது. நடுநாட்டில் அது விலகி நிற்கிறது. 'கிடைக்கும்போதெல்லாம்' என்னும் வரையறை வடக்கைவிடத் தெற்கில் இன்னும் கடுமையாகப் பொருந்தும்.

மலையின் ஆட்சிமுறையும் கருதத்தக்கது. கல்வராயன் மலை சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் மூன்று சாகீர்களாக இருந்தது. பிரித்தானிய ஆட்சிக்குப் பின்னும் நீடித்த இச்சாகீர்களை அரசு 1976-இல்தான் கையகப்படுத்தியது. அதுவரை மலையாளிப் பழங்குடி மக்கள் சாகீர்தாரர்க்குக் கூலியற்ற வெட்டி வேலை செய்யக் கட்டுண்டிருந்தனர். 1882-இன் சென்னை வனச் சட்டம் சமவெளிக் காடுகளிலும் பிற மலைகளிலும் உருவாக்கிய எண்ணிக்கைகள், கூப்புக் கணக்குகள் போன்றவை சாகீர் மலையில் அதே முறையில் உருவாகவில்லை. டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய தென்னார்க்காடு மாவட்ட விவரநூலில் (1906) இம்மலை தனியியல்புடைய நிலமாகவே தோன்றுகிறது. கணக்கு எழுதப்பட்ட இடங்களிலும் கணக்கில் ஏறியது தேக்கும் சந்தனமும் இருப்புப்பாதைக் கட்டைக்குரிய கனமரங்களுமே. 1856-இல் சென்னை மாகாணத்தின் முதல் வனக்காப்பாளரான கிளெகார்னின் காலம் முதல், கப்பலும் இருப்புப்பாதையுமே மரத்தின் மதிப்பை அளந்தன. அந்த அளவுகோலில் தணக்கு சுழிக்கு அருகில் நின்றது. மலையில் அதனை வெட்டியவர்களும் கரையில் அதனைச் செதுக்கியவர்களும் எழுத்து வைத்திருந்தவர்கள் அல்லர். ஆவணத்தின் மௌனத்தைப் பயனின்மையாகப் படிக்கக் கூடாது என்பதற்கு இம்மரம் ஏற்ற எடுத்துக்காட்டு.

பால்சாவும் கட்டுமரமும்: பெயர்களின் எதிர்த்திசைப் பயணம்

உலகில் புகழ்பெற்ற மென்மரம் பால்சா. 1526-இல் எக்குவடோர்க் கரையருகே ஸ்பானியர் பாய்கட்டிய மரத் தெப்பம் ஒன்றைக் கண்டனர். ஸ்பானிய மொழியில் பால்சா என்றால் தெப்பம். தெப்பத்தின் பெயரே பின்னர் அதற்குரிய மரத்தின் பெயராயிற்று. 1947-இல் தோர் ஹையர்டால் கோன்-டிக்கி என்னும் பால்சாத் தெப்பத்தில் 101 நாளில் பசிபிக்கைக் கடந்தபின் மரத்தின் புகழ் உலகெங்கும் பரவியது.

தமிழில் இதற்கு நேர்மாறாக நிகழ்ந்தது. இங்குக் கலத்தின் பெயரிலேயே மரம் இருந்தது; கட்டப்பட்ட மரம், கட்டுமரம். ஆனால் எந்த மரம் என்பது பெயரில் இல்லை. உலக மொழிகள் அச்சொல்லை எடுத்துக்கொண்டபோது கட்டுதலும் மரமும் இரண்டுமே அதிலிருந்து கழன்றன. 1876-இல் நியூயார்க்கில் ஹெர்ரஷாஃப் ஓட்டிய அமரில்லிஸ் என்னும் இரட்டையுடல் படகின் காலத்திலிருந்து, இன்று ஆங்கிலத்தில் கேட்டமரன் என்பது பசிபிக் மரபைச் சார்ந்த இரட்டையுடல் படகையே குறிக்கிறது. சொல் தமிழ்; பொருள் தமிழன்று. அகராதிகளில் தமிழ்ச்சொல்லின் பெருமை பேசப்படும் இடங்களில் இம்மாற்றம் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. பசிபிக் தீவினர் சிலரும் சிறு தோணிகளுக்கு இதே கைரோகார்பஸ் கட்டையைப் பயன்படுத்தியுள்ளனர் என்பது இங்கு எண்ணத்தக்கது. தொடர்பில்லாத இரு கடலோர மக்கள் ஒரே மரத்தில் ஒரே குணத்தைக் கண்டுள்ளனர்.

தென்னிந்தியாவின் பிற மென்மரங்கள் சில தம் பெயரைத் தொழிலோடு காத்துக்கொண்டன. கொண்டபள்ளிப் பொம்மைக்குத் தெல்ல பொனிக்கி; ஏட்டிகொப்பாக்கா, சென்னபட்டணப் பொம்மைகளுக்கு வெட்பாலை. வாங்குபவரும் மரத்தின் பெயரைக் கேட்டு வாங்குகின்றனர். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் வேறு வகை. நுண்செதுக்கைத் தாங்கும் இறுகிய மரம் அதற்கு வேண்டும். ஆகவே தணக்கு தன் மாவட்டத்தின் பெயர்பெற்ற தொழிலுக்கும் வெளியே நிற்கிறது.

மரம் மாறிய காலம்

சென்னை மீன்வளத் துறையை வழிநடத்திய ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920-இல் வெளியிட்ட ஆய்வு, கட்டுமரங்களைக் கரைக்கேற்ப வகைப்படுத்தியது. அவர் காலத்திற்குள் தொடர்வண்டி மேற்குக் கரையையும் கிழக்குக் கரையையும் இணைத்துவிட்டது. விலை குறைந்த, இடம் அடைக்கும் சரக்கையும் தொலைவிலிருந்து கொண்டுவர முடிந்ததும், அருகிலுள்ள குன்றைச் சார்ந்திருக்கும் கட்டாயம் தளர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழமண்டலக் கட்டுமரங்களுக்கு அல்பீசியா இனத்து மரங்கள் கேரளத்திலிருந்து வந்தன. ஈர மேற்கின் மரம் பருத்து நெடிது வளரும். ஒரே மரத்தில் நடுமரமும் பக்கமரங்களும் கிடைத்துவிடும். வறண்ட குன்றின் தணக்கில் அந்தப் பருமன் அரிது.

இம்மாற்றத்தில் மீனவர் இழந்ததும் உண்டு. மரத்தின் விலை இப்போது கரையிலோ அருகிலுள்ள மலையிலோ முடிவாகவில்லை. தீப்பெட்டித் தொழிலும் ஒட்டுப்பலகை ஆலையும் அதே மென்மரத்தைக் கேட்கும் சந்தையில் முடிவாயிற்று. 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியதிலிருந்து தென்னிந்தியாவின் இலவும் மட்டியும் பெருமரமும் குச்சியாகச் சீவப்பட்டன. ஒன்றுக்கும் உதவாது என ஒதுக்கப்பட்ட மரவகை, ஆலையும் கரையும் போட்டியிடும் பொருளாயிற்று. அப்போட்டியில் கடன் வாங்கி மரம் எடுக்கும் மீனவர் வலுவற்ற தரப்பினர். விசாகப்பட்டினத்தில் இயங்கிய கடல்சார் மரப்பாதுகாப்பு மையம், வேதிப்பொருள் ஏற்றிய கட்டுமரங்களைக் கிழக்குக் கரையில் சோதித்து அவற்றின் ஆயுளை நீட்ட முயன்றது. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், மணற்கரையில் இறங்கக்கூடிய மாற்றுப் படகுகளை வடிவமைத்தது. கட்டுமர மரம் அருகி விலை ஏறியது இம்முயற்சிகளுக்குப் பின்னணியாக அமைந்தது.

2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை கடலூர்க் கரையிலும் பெருந்தொகையான கட்டுமரங்களை அழித்தது. மறுவாழ்வு உதவியாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள். ஒரு தலைமுறையில் நடந்திருக்கக்கூடிய மாற்றம் ஓரிரு ஆண்டுகளில் நடந்து முடிந்தது. கண்ணாடியிழை நீரை உறிஞ்சாது. நாள்தோறும் அவிழ்த்து உலர்த்த வேண்டியதில்லை. ஆனால் அது தன்னளவில் மிதக்கும் பொருளும் அன்று: நீரைவிடக் கனமானது. அதன் மிதப்பு வடிவத்தாலும் உள்ளே அடைத்த நுரையாலும் வருவது. கைமரத்தைக் கோடரியால் திருத்திக்கொண்ட மீனவர், உடைந்த இழைக்குப் பிசினும் விலை கொடுத்து வாங்க வேண்டியவரானார்.

மென்மரத்தின் மதிப்பு மட்டும் குறையவில்லை, இடம் மாறியது. காற்றாலை இறகுகளின் உள்ளீடாகப் பால்சாவைத் தேடும் தொழில், 2020-இல் எக்குவடோர்க் காடுகளில் கடும் வெட்டுக்கு வழிவகுத்தது. தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி பரப்பிய தொழிற்சாலைசார் வேளாண்காடு முறையின் வழியே மலைவேம்பும் பெருமரமும் உழவர் நிலங்களுக்கு வந்தன. ஒட்டுப்பலகைக்கும் தீக்குச்சிக்கும் சில ஆண்டுகளிலேயே வெட்டப்படும் இம்மரங்களின் நடவுப் பட்டியலில் தணக்கு இல்லை. அதன் இறகுக் கனிகள் வறண்ட குன்றுகளில், வாங்குவார் எவருமின்றி, கோடைக் காற்றில் சுழன்று இறங்குகின்றன.